சம்பள நாளும் கடன் நோட்டும்: சுங்கை சிப்புட் கடைத்தெருவின் கதை

ஈப்போவிலிருந்து முதலாவது கூட்டரசுச் சாலையில் வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் சுங்கை சிப்புட் வரும். பேராக் மாநிலம், கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தச் சிறு பட்டணத்தின் பெயருக்கு மலாய் மொழியில் 'நத்தை ஆறு' என்று பொருள். பேராக்கின் தென்பகுதியில் இன்னொரு சுங்கை சிப்புட் இருப்பதால், அரசாங்கப் பதிவுகளில் இவ்வூர் 'சுங்கை சிப்புட் உத்தாரா', அதாவது வட சுங்கை சிப்புட் என்று குறிக்கப்படுகிறது.

நாட்டு வரலாற்றில் இவ்வூருக்கு இரண்டு முக்கியமான இடங்கள் உண்டு. 1948-ஆம் ஆண்டு மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்படுவதற்குக் காரணமான சம்பவம் இங்கேதான் நடந்தது. சுதந்திர மலாயாவின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்ற துன் வீ.தி.சம்பந்தன் பிறந்ததும் இங்கேதான். ஆனால் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டால், அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கடைத்தெரு. சம்பளம் போட்ட மறுநாள் அப்பாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்துகொண்டு சாமான் வாங்கப் போன பட்டணம் அது.

அந்தக் கடைத்தெரு எப்படி உருவானது, எதை நம்பிப் பிழைத்தது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்தால், மேற்குக்கரை நெடுகிலும் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த மற்ற சிறு பட்டணங்களின் கதையும் ஏறக்குறைய விளங்கிவிடும்.

ரப்பரும் ரயிலும்

மலாயாவின் ரப்பர் வரலாறு சுங்கை சிப்புட்டுக்கு மிக அருகில் தொடங்கியது. 1877-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தாவரப் பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பது, கோலகங்சாரில் அன்றைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் இல்லத்து வளாகத்தில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் கோலகங்சாரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. தொடக்கத்தில் அந்த மரங்களை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகி, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டபோதுதான் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன.

சுங்கை சிப்புட்டைச் சுற்றி எல்பில், கமுனிங், டவன்பி, ஹேவூட், சங்காட் சாலாக் முதலிய தோட்டங்கள் தோன்றின. பால் வெட்டுவதற்குத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் மூலம் ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர்கள் அங்கிருந்து பல தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். 1938-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை இந்த ஆள்சேர்ப்பு தொடர்ந்தது.

ஈப்போவையும் கோலகங்சாரையும் இணைக்கும் ரயில் பாதை இவ்வூர் வழியாகச் சென்றது. தோட்டத்து ரப்பர் வெளியூர் போகவும், அரிசியும் பருப்பும் துணியும் ஊருக்குள் வரவும் வழி பிறந்தது. தோட்டங்களுக்கு நடுவில் ஒரு நிலையமும் ஒரு பெருஞ்சாலையும் இருந்தால் அங்கே கடைகள் முளைப்பது இயல்பு. கீழே கடை, மேலே வீடு என்று கட்டப்பட்ட வரிசைக் கடைகளில் சீனர்களும் தமிழர்களும் தமிழ் முஸ்லிம்களும் அக்கம்பக்கமாக வியாபாரம் செய்தனர். சுற்றியிருந்த கம்பங்களிலிருந்து மலாய்க்காரர்களும், புளுஸ் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து தெமியார் எனப்படும் பூர்வகுடி மக்களும் இதே சந்தைக்கு வந்தனர்.

மாதத்தில் இரண்டு நாள்

ஒரு நகரத்தின் கடைக்கு எல்லா நாளும் வியாபார நாள்தான். தோட்டங்களை நம்பியிருந்த பட்டணத்துக் கடைக்கு அப்படியல்ல. மாதத் தொடக்கத்தில் சம்பளம், மாத நடுவில் முன்பணம் என்று தோட்டத்தில் இரண்டு முறைதான் கையில் காசு புழங்கும். அந்த நாட்களையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தெருவில் நடக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் கடைக்காரர் வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அரிசி, உப்பு, கருவாடு போன்ற அன்றாடச் சாமான்கள் தோட்டத்துக் கடையிலேயே கிடைத்தன. ரொட்டிக்காரரும் மீன்காரரும் லயத்துக்கே வந்தனர். சேலைக்காரர் துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து தவணைக்கு விற்றுவிட்டுப் போவார். பட்டணத்துக்குப் போகவேண்டியிருந்தது வேறு தேவைகளுக்காக. தாலி செய்ய, பள்ளிச் சட்டை தைக்க, அடகு வைக்க, மீட்க, முடி வெட்ட, மருந்து வாங்க, ஊருக்குப் பணம் அனுப்ப, படம் பார்க்க என்று ஒரு குடும்பத்தின் பெரிய காரியங்கள் அத்தனையும் பட்டணத்தில்தான் நடந்தன.

அதனால் கடைக்காரர்களின் நாட்காட்டியும் தோட்டத்தின் நாட்காட்டியும் ஒன்றாகவே இருந்தன. எந்தத் தோட்டத்தில் எந்தத் தேதியில் சம்பளம், யாருடைய மகளுக்குத் தை மாதம் கல்யாணம், எந்தக் கோயிலில் எப்போது திருவிழா என்பதெல்லாம் கடைக்காரருக்கு மனப்பாடம். அதைப் பொறுத்தே அவர் சரக்கு எடுத்தார்.

'எழுதிக்குங்க'

மாதத்துக்கு இரண்டு முறை காசு பார்க்கும் குடும்பம் முப்பது நாளும் சாப்பிட வேண்டுமானால் கடன் இல்லாமல் முடியாது. மலேசியாவில் 555 என்ற எண் அச்சிட்ட சிறிய குறிப்புப் புத்தகத்தை அறியாத மூத்த தலைமுறையினர் இருக்க முடியாது. சட்டைப் பையில் அடங்கும் அந்தப் புத்தகத்தில்தான் பல குடும்பங்களின் சாப்பாட்டுக் கணக்கு இருந்தது. கடைக்காரரிடம் ஒரு பெரிய பேரேடு, வாடிக்கையாளரிடம் ஒரு சிறிய புத்தகம். சாமான் வாங்கியதும் இரண்டிலும் எழுதப்படும். சம்பளத்தன்று கூட்டிப் பார்த்து, முடிந்ததைக் கட்டிவிட்டு, மீதியை அடுத்த மாதக் கணக்கின் தலையில் எழுதிவிட்டு வருவார்கள்.

இந்தக் கடனுக்குச் சாட்சிக் கையெழுத்து கிடையாது. மழைக்காலத்தில்தான் அதன் அருமை தெரியும். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்கு வருமானம் குறைவு. ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களிலும் பால் வற்றிவிடும். பேராக்கில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் மழை அதிகம் பெய்யும் மாதங்கள். தீபாவளியும் அந்த மாதங்களில்தான் வருகிறது. ஆக, வருமானம் குறையும் நேரத்தில் செலவு கூடும். பிள்ளைகளுக்குப் புதுத்துணி, பலகார மாவு, எண்ணெய், இறைச்சி என அந்த ஒரு மாதத்தைத் தாங்கியவர் பட்டணத்துக் கடைக்காரர்தான்.

அதற்காகக் கடைக்காரர்களை வள்ளல்கள் என்றும் சொல்லிவிட முடியாது. கடனுக்குக் கொடுக்கும் சாமானின் விலை ரொக்க விலையைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதுண்டு. கணக்கு எழுதத் தெரியாதவர்கள் சொன்ன தொகையை நம்பிக் கட்டிய காலமும் இருந்தது. ஒரே கடையில் கடன் இருப்பதால் வேறு கடைக்குப் போக முடியாமல் கட்டுண்டு கிடந்த குடும்பங்களும் உண்டு. மறுபக்கம், இரவோடு இரவாகத் தோட்டம் மாறிப் போனவர்களின் பாக்கியைக் கோடு போட்டு மூடிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிய கடைக்காரர்களும் இருந்தனர். அவருக்கும் மொத்த வியாபாரியிடம் தவணைக் கடன் இருந்தது. தோட்டத்தில் ஒரு மாதம் வேலை நின்றால், லயத்து வீட்டில் தொடங்கும் நெருக்கடி சுங்கை சிப்புட் கடை வழியாக ஈப்போ மொத்த வியாபாரி வரைக்கும் போய்ச் சேரும்.

துப்பாக்கிக்கு நடுவே வியாபாரம்

1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி காலையில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாட்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960-ஆம் ஆண்டு வரை நீடித்தது.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் போரைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் அவசரகாலம் கடைத்தெருவையும் பிடித்து உலுக்கியது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக அரசாங்கம் உணவுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அரிசி பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. டின்னில் அடைத்த உணவைச் சேமித்துவைக்க முடியாதபடி, கடைக்காரர் விற்கும்போதே அதில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் நடப்பில் இருந்தது. யாருக்கு எவ்வளவு விற்றோம் என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

காட்டோரங்களில் வாழ்ந்த சீனக் குடும்பங்கள் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டன. தோட்டத்து லயங்களும் பல இடங்களில் ஒன்றுசேர்க்கப்பட்டு வேலிக்குள் அடைக்கப்பட்டன. விடியற்காலையில் வாயிலில் சோதனை முடிந்த பிறகே வேலைக்குப் போக முடியும். பால் வெட்டப் போனவர் மதியச் சோற்றைக் கையோடு கொண்டுபோக முடியாத நாட்களும் இருந்தன. கடைக்காரரின் நிலையும் சங்கடமானது. ஒரு பக்கம் விற்றால் குற்றம், மறுபக்கம் மறுத்தால் ஆபத்து.

துண்டான தோட்டங்கள், கூடிய பத்து வெள்ளி

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இன்னொரு சிக்கல் எழுந்தது. ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றனர். துண்டாடப்பட்ட தோட்டத்தில் முதலில் போனது வேலை, பின்னாலேயே வீடும் போனது. தோட்டத்தில் லயத்து வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

இதற்கு ஒரு மாற்று வழியாகத்தான் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ம.இ.கா.வின் தேசியத் தலைவராகவும் இருந்த சம்பந்தன், 1960-ஆம் ஆண்டு மே 14-ஆம் தேதி தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி சேர்த்து நீங்களே தோட்டத்தை வாங்குங்கள் என்று பாட்டாளிகளிடம் எடுத்துச் சொன்னார். மறு ஆண்டே சங்கம் கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. கடைக்குக் கட்டவேண்டிய பணத்திலிருந்தும் பிள்ளைகளின் வாயிலிருந்தும் மிச்சம் பிடித்த பத்து வெள்ளி அது என்பதை நினைவில் வைத்தால்தான் அந்த முயற்சியின் கனம் புரியும்.

சம்பந்தனின் குடும்பமே இவ்வட்டாரத்தில் வேரூன்றியது. அவருடைய தந்தை வீராசாமி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து, ரப்பர் தொழிலில் முன்னேறியவர். சம்பந்தன் 1919-ஆம் ஆண்டு பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். ஊரின் அடையாளங்களில் ஒன்றான மகாத்மா காந்தி கலாசாலைத் தமிழ்ப்பள்ளி அவருடைய முயற்சியில் 1950-களில் எழுந்தது. நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்துவைத்தார். தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்துக்குப் படிக்க வந்தபோது, பள்ளியைச் சுற்றியிருந்த புத்தகக் கடைக்கும் தையல் கடைக்கும் புது வாடிக்கை கிடைத்தது.

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டது. பெர்மிட் கிடைக்காத பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் நாடெங்கிலுமிருந்து இந்தியாவுக்குத் திரும்பினர். கப்பலேறுவதற்கு முன் பலர் செய்த கடைசிக் காரியங்களில் ஒன்று, பட்டணத்துக் கடையில் பாக்கியைத் தீர்த்து, டிரங்குப் பெட்டி ஒன்றை வாங்கியதுதான்.

லயத்திலிருந்து தாமானுக்கு

1970-களிலிருந்து ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு அதே பரப்பளவில் குறைந்த ஆட்கள் போதும். தோட்டத்தில் எஞ்சிய வேலைகளுக்கும் காலப்போக்கில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தனர். நம்மவர்கள் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கும், ஈப்போ, சிம்பாங் பூலாய், பினாங்கு தொழிற்சாலைகளுக்கும், இன்னும் தூரமாகக் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூருக்கும் நகர்ந்தனர்.

கடைத்தெரு அதனால் உடனே காலியாகிவிடவில்லை. லயத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களில் பல, பட்டணத்தைச் சுற்றி எழுந்த தாமான்களிலேயே குடியேறின. ஆனால் வாங்கும் முறை மாறியது. தொழிற்சாலைச் சம்பளம் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் விழுகிறது. வீட்டில் மோட்டார் சைக்கிளோ காரோ இருக்கிறது. அரை மணி நேரத்தில் ஈப்போவின் பேரங்காடிக்குப் போய்விடலாம். கடைக்காரரின் 'எழுதிக்கிறேன்' என்ற சொல்லுக்கு இருந்த மதிப்பு குறைந்தது.

சாலையும் மாறியது. முன்பு ஈப்போவிலிருந்து பினாங்கு போகிற பேருந்தும் லாரியும் காரும் சுங்கை சிப்புட் வழியாகத்தான் போயாக வேண்டும். வழியில் நிறுத்தி ஒரு தே தாரிக் குடித்துவிட்டுப் போகிறவர்களால் சாலையோர உணவகங்களும் பழக்கடைகளும் பிழைத்தன. 1994-ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஊருக்குள் வராமல் விலகிச் சென்றது. ரயில் மட்டும் ஊரைக் கைவிடவில்லை. இன்று மின் ரயில் சேவை சுங்கை சிப்புட்டில் நிற்கிறது. கோலாலம்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் பெருநாளுக்கு ஊர் திரும்ப அது வசதியாக இருக்கிறது. போகும்போது கையில் மசாலைத் தூள் பொட்டலம் இருக்கும்.

இன்றைய கடைத்தெரு

விடியற்காலையில் முதலில் விழிப்பது சந்தையும் பசியாறும் கடைகளும். தோசை, ரொட்டி சானாய், நாசி லெமாக், சீனர் கடை காப்பி என்று ஆளுக்கொரு பழக்கம். மலையோரத்திலிருந்து வரும் பெத்தாயும், பருவத்தில் டுரியானும் சந்தையில் கிடைக்கும். காலைச் சந்தை என்பது காய்கறி விற்கும் இடம் மட்டுமல்ல. யாருக்கு உடம்பு சரியில்லை, யார் இறந்துவிட்டார், எந்த வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். இரவுச் சந்தை கூடும் நாளில் மாலைக்கு மேல் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

இத்தகைய பட்டணங்களில் தமிழர்களின் கடைகள் இன்றும் சில குறிப்பிட்ட தொழில்களில்தான் நிலைத்து நிற்கின்றன. அதற்குக் காரணம் உண்டு.

மளிகைக் கடை: கடும் போட்டியில் இருப்பது இதுதான். ஒரே பெயரில் நாடெங்கும் கிளை பரப்பியுள்ள சிறு பேரங்காடிகள் பால் மாவையும் சவர்க்காரத்தையும் மொத்தமாக வாங்கி மலிவாக விற்கின்றன. சமையல் எண்ணெய், சீனி போன்ற விலைக் கட்டுப்பாட்டுப் பொருள்களில் கடைக்காரருக்கு மிஞ்சுவது சில காசுகள்தான். ஒரு கிலோ பொட்டல எண்ணெயின் விலை 2 ரிங்கிட் 50 காசு என்று அரசாங்கம் நிர்ணயித்துள்ளது. அது வந்து இறங்கும் நாளில் கூட்டம் வரும், லாபம் வராது. ஆனால் எண்ணெய்க்கு வந்தவர் கூடவே புளியும் கடுகும் வாங்குவார் என்பதால்தான் கடைக்காரர் அதை விற்கிறார். நல்லெண்ணெய், அப்பளம், பூஜைச் சாமான், பத்திய மருந்துக்கான சரக்கு என்று பேரங்காடியில் ஒரே இடத்தில் கிடைக்காதவையே தமிழர் மளிகைக் கடையின் பலம்.

மசாலை அரைக்கும் மில்: மிளகாய், மல்லி, சீரகம், மஞ்சளை வீட்டுக்கு ஏற்ற அளவில் வறுத்துக் காயவைத்துக் கொண்டுவந்தால் அரைத்துத் தருவார்கள். பொட்டல மசாலை வந்த பிறகும் இந்த மில்கள் மூடப்படாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம் இருப்பதுதான். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் முறுக்கு மாவு அரைக்க வரிசை நிற்கும்.

பூக்கடை: வெள்ளிக்கிழமை, அமாவாசை, கோயில் திருவிழா, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் மாலை வேண்டும். இதைக் குளிரூட்டிப் பெட்டியில் வைத்து மாதக்கணக்கில் விற்க முடியாது. அன்றன்று கட்ட வேண்டும். நடு இரவில் ஒரு சாவுச் செய்தி வந்தால் பூக்காரரைத்தான் எழுப்ப முடியும்.

நகைக்கடையும் அடகுக் கடையும்: தோட்டத்துக் குடும்பத்துக்குத் தங்கம் அலங்காரப் பொருள் மட்டுமல்ல, அவசரத்துக்கு உதவும் சேமிப்பும் ஆகும். பள்ளி திறக்கும் ஜனவரியில் அடகுக்குப் போன சங்கிலி, திருவிழாவுக்கு முன் திரும்பி வரும். மலேசியாவில் அடகுக் கடைகள் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று இயங்குகின்றன. உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம் சிக்குவதைவிட, சீட்டைப் பத்திரமாக வைத்து, தவணைத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

முடிதிருத்தும் நிலையம்: இந்தத் தொழிலுக்குப் போட்டி கணினியிலிருந்து வரப்போவதில்லை. ஆனால் ஆள் இல்லை. முடிதிருத்தகம், நகைத் தொழில், ஜவுளிக் கடை ஆகிய மூன்று துறைகளும் இந்தியாவிலிருந்து வரும் கைத்தொழிலாளர்களை நம்பியிருந்தவை. 2009-ஆம் ஆண்டு அத்துறைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தருவிப்பது நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகள் நீண்ட கோரிக்கைக்குப் பிறகு 2023-இல் மீண்டும் அனுமதி வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட காலத்தில் நான்கு நாற்காலி இருந்த கடைகள் இரண்டு நாற்காலிக்குச் சுருங்கின.

உணவகம்: வாழையிலைச் சாப்பாட்டுக் கடையும் ஒட்டுக்கடையும் பெரும்பாலும் குடும்பத் தொழில்தான். கணவர் கல்லாவில், மனைவி அடுப்படியில், பிள்ளைகள் பள்ளி முடிந்து மேசை துடைக்க என்று நடக்கும். சம்பளம் என்று தனியாக யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் பல கடைகள் லாபத்தில் ஓடுவதுபோல் தெரிகின்றன.

சோதனையும் நோட்டும்

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது சிறு பட்டணங்களின் கடைத்தெருக்கள் ஒரே நாளில் அடங்கிப்போயின. மளிகைக் கடைகள் திறந்திருந்தன. முடிதிருத்தும் நிலையங்கள் ஜூன் 10-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பூக்கடைக்குக் கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை.

அந்த மாதங்களில் பழைய கடன் நோட்டு மீண்டும் வெளியே வந்தது. தொழிற்சாலை மூடி, கூடுதல் நேர வேலை நின்று, தினக்கூலி இல்லாமல் போன குடும்பங்களுக்குப் பேரங்காடியில் கடன் கேட்க முடியாது. அங்கே யாரிடம் கேட்பது என்றே தெரியாது. முகம் தெரிந்த கடைக்காரரிடம்தான் கேட்க முடிந்தது. வாட்சாப்பில் சாமான் பட்டியல் அனுப்பினால் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் பழக்கமும் அப்போது பரவியது.

அடுத்து வந்த மாற்றம் பணத்தைப் பற்றியது. இன்று சந்தையில் காய்கறி விற்கும் பாட்டியின் மேசையிலும் கியூஆர் குறியீடு ஒட்டியிருப்பதைக் காணலாம். அரசாங்க உதவியில் ஒரு பகுதியும் ரொக்கமாக இல்லாமல் அடையாள அட்டை வழியாக வருகிறது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 முதல், 18 வயதுக்கு மேற்பட்ட எல்லா மலேசியர்களுக்கும் 'சாரா' திட்டத்தில் 100 ரிங்கிட் வழங்கப்பட்டபோது, அதைப் பதிவுபெற்ற கடைகளில் மட்டுமே செலவிட முடிந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் மூவர் பெரியவர்கள் என்றால் 300 ரிங்கிட். பதிவு செய்துகொள்ளாத மளிகைக் கடைக்கு அது கண் முன்னால் வேறு கடைக்குப் போகும் வியாபாரம். கருவியைப் பொருத்துவதும் கணக்கைச் சரிபார்ப்பதும் வயதான கடைக்காரர்களுக்குத் தலைவலிதான். ஆனால் கடையில் உதவிக்கு நிற்கும் பேரப்பிள்ளைக்கு அது அரை மணி நேர வேலை.

அடுத்தது யார்?

சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் ஒரு கடை மூடப்படும்போது, வியாபாரம் படுத்துவிட்டது என்று ஊரார் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பல இடங்களில் உண்மை அதுவல்ல. கடை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, எடுத்து நடத்த ஆள் இல்லாமல் மூடப்படுகிறது. கடைக்காரர் தம் பிள்ளைகளைப் படிக்கவைத்ததே இந்தக் கல்லாவில் உட்காரக்கூடாது என்பதற்காகத்தான். பிள்ளை பொறியியலாளராகவோ ஆசிரியராகவோ ஆகிவிட்டால் அது தோல்வியல்ல. கடை தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்று பொருள். ஆனால் அந்தக் கடையை நம்பியிருந்த வயதானவர்களுக்கு வேறு கடை வேண்டுமே.

ஊரில் எஞ்சியிருப்பவர்களில் பலர் முதியவர்கள். அவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, திறன்பேசியில் சாமான் வாங்கத் தெரியாது. நடந்து போகும் தூரத்தில், தமிழில் பேசி, அரைக் கிலோ அரிசியையும் முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுக்கும் கடை அவர்களுக்கு வேண்டும். இரண்டு நாள் கடைப்பக்கம் வராத பாட்டியைப் பற்றி, 'என்ன, ஆளைக் காணோம்' என்று விசாரிக்கும் ஒருவரும் வேண்டும். அந்த வேலைக்கு எந்த விலைப்பட்டியலிலும் இடமில்லை.

கடையைக் காப்பாற்ற எளிய வழிகள் சில இருக்கின்றன. பிள்ளைகள் எடுத்து நடத்த முன்வராவிட்டால், பல ஆண்டுகள் உடன் வேலை செய்தவருக்கே தவணை முறையில் கைமாற்றித் தருவது ஒன்று. உரிமம், வாடகை ஒப்பந்தம், மொத்த வியாபாரியின் கணக்கு ஆகியவற்றைக் கடைசி நேரம் வரை தள்ளிப் போடாமல் பெயர் மாற்றுவது இன்னொன்று. வாடிக்கையாளர்கள் தரப்பில் செய்யக்கூடியது அதைவிட எளிது. மாதச் சாமான் முழுவதையும் பேரங்காடியில் வாங்கிவிட்டு, மறந்துபோன கறிவேப்பிலைக்கு மட்டும் அக்கம்பக்கத்துக் கடைக்குப் போனால் அந்தக் கடை நிற்காது. பருப்பும் மசாலையும் பூஜைச் சாமானும் அங்கே வாங்கினால் நிற்கும்.

கடை மூடப்படும் நாளில் பழைய பேரேடுகளைக் குப்பையில் போட்டுவிடாமல் இருப்பதும் முக்கியம். எந்த ஆண்டு அரிசி என்ன விலை, எந்தத் தோட்டத்தில் யார் யார் இருந்தார்கள், மழைக்காலத்தில் எந்தக் குடும்பம் எவ்வளவு பாக்கி வைத்தது, எப்போது அடைத்தது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. பால் வெட்டிய நம் மக்களின் அன்றாட வாழ்க்கையைத் தோட்ட நிர்வாகம் எழுதி வைக்கவில்லை. கடைக்காரர்தான் நாள் தவறாமல் எழுதி வைத்தார்.